துருத்திப்பட்டிக்கு வெட்டிய வழி

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் வெள்ளரிப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பிஞ்சு இல்லை, பழம். பழுத்துத் தானாக வெடித்து, உள்ளே மாவு மாவாக வெளுத்துத் தெரியுமே, அது. அந்த வாசனையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நனைந்த மணலைக் கையில் அள்ளி மோந்து பார்த்தால் ஒரு குளிர்ச்சி ஏறும் அல்லவா, கொஞ்சம் அந்த மாதிரி. நான் ஆசையாக, "எந்த ஊரு வெள்ளரிண்ணே, ஆத்து வெள்ளரியா?" என்று கேட்டேன். வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஆத்துல? ஆந்திராவுல இருந்து லாரியில வருது. வேணும்னா எடுங்க, அமுக்கிப் பாக்காதீங்க."

வாங்கி வந்து வெல்லம் போட்டுத் தின்றேன். நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல். நன்றாக இல்லாமல் போயிருந்தால், 'துருத்திப்பட்டி வெள்ளரி மாதிரி வருமா' என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

துருத்திப்பட்டி ஒரு தீவு. இப்படிச் சொன்னால் திண்டுக்கல்லில் ஒருவரும் நம்புவதில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மனைவியே நம்பவில்லை. "குடிக்கிற தண்ணிக்கே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுற சீமையில தீவாம்ல தீவு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தீவு என்றால் சுற்றிலும் கடல் இருக்க வேண்டும், தென்னை மரம் சாய்ந்து நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஆற்றுக்கு நடுவிலும் தீவு இருக்கும். என்ன, அது தீவு என்று மழை வந்தால்தான் தெரியும்.

குடகனாறு வடக்கே ஓடி மாவட்ட எல்லையை நெருங்கும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய், மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நடுவில் கிடந்த மேட்டில் முப்பது நாற்பது வீடுகள். ஆற்றுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் நிலத்துக்குத் துருத்தி என்றுதான் பெயர் என்று என் அப்பா சொல்லுவார். அவர் தமிழாசிரியர். சுற்றுவட்டாரத்தில் யாரும் அந்த அழகான பெயரைச் சொல்லமாட்டார்கள். 'திட்டு' என்பார்கள். நான் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது, "திட்டுக்கு ஒரு டிக்கெட்" என்று யாராவது கேட்டால், "அத இங்கயே வாங்கிக்கலாமே, அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்பேன். தினமும் சொல்லுவேன். தினமும் நான் மட்டும் சிரிப்பேன்.

நான் கண்டக்டரானதே எங்கள் வீட்டில் பெரிய துக்கம். அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "தம்பி எந்த ஸ்கூல்ல இருக்கு?" என்று யாராவது கேட்டால் அம்மா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். தேர்வில் தேறாதவன் என்ன செய்வான்? குஜிலியம்பாறையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஓடிய ஒரு மினிபஸ்ஸில் பையை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். ஓட்டுநர் காஜா பாய், பேகம்பூர்க்காரர். வண்டியைவிட அவருக்கு வயது கொஞ்சம் கூடுதல் என்பார், நான் நம்பவில்லை. ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு புங்கமரம், மரத்தடியில் ஒரு டீக்கடை. அங்கே வண்டி திரும்பிவிடும். திட்டுக்காரர்கள் இறங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்து ஊருக்குப் போவார்கள்.

ஓய்வு நேரத்தில் நானும் போவேன். வேடிக்கையான ஊர். மாவட்ட எல்லை நட்டநடு ஊருக்குள் போயிற்று. எல்லைக்கல்லில் பெண்கள் துணி துவைத்தார்கள். ஒரு வீட்டுக்கு அடுப்படி எங்கள் மாவட்டத்தில், மாட்டுத்தொழுவம் அடுத்த மாவட்டத்தில். கேட்க நமக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு இல்லை. விளக்கு எரியவில்லை என்று இந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போனால், "கம்பம் அந்தப் பக்கத்துல இருக்குல்ல, அங்க சொல்லுங்க" என்பார்கள். அங்கே போனால், "வீடு எங்க லிமிட்டு இல்லையே" என்பார்கள். பாலம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்தவர்கள் அவர்கள். வெயில் காலத்தில் வந்து பார்த்த அதிகாரி ஒருவர், காய்ந்த மணலில் நின்றுகொண்டு, "இங்க எதுக்கும்மா பாலம்? நடந்தே போலாமே" என்று கேட்டாராம். மழைக்காலத்தில் அவர் வரவில்லை. வரமுடியாதே!

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குஜிலியம்பாறைப் பக்கமெல்லாம் கிணறு பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், துருத்திப்பட்டியில் மணலைக் கையால் பறித்தால் ஊற்று வரும். முழங்கை ஆழம்தான். முதலில் கலங்கலாக, பிறகு செத்த நேரத்தில் கண்ணாடி மாதிரி. அந்த மணலில்தான் வெள்ளரி போட்டார்கள், மேட்டில் சம்பங்கி போட்டார்கள். காலை முதல் நடையில் வண்டி முழுக்கச் சம்பங்கிக் கூடைதான். காஜா பாய் தும்மிக்கொண்டே ஓட்டுவார். "யா அல்லா, கல்யாண வீட்டுக்குள்ள வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு" என்பார்.

மணல் என்றால் லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே வரப் பார்த்தபோது திட்டுக்காரர்கள் மறித்துவிட்டார்கள். மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் வீரம்மாக்கா. வார்டு மெம்பர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கணீரென்ற குரல், கணவர் மாரப்பன் பேசவேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவர் ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தார். கிழக்குக் கரை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதில் ஒற்றையடிப் படி தவிர வேறு வழி வெட்டக்கூடாது. மாட்டுவண்டிப் பாதைகூட வேண்டாம்.

"கூடையத் தலையில சுமந்துக்கிறோம் தம்பி. இன்னைக்கு மாட்டுவண்டிக்கு வழி விட்டா நாளைக்கு அதுல லாரி எறங்கும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கரையைச் சீவி ஒரு சின்னச் சரிவு அமைத்துக்கொள்ளலாமே என்று கேட்ட ஊர்க்காரர்களோடு வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார். கூடை சுமந்து கழுத்து வலித்தவர்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

அவருடைய மகள் தனலட்சுமிக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் சுப்பிரமணி, காய்கறி மண்டியில் இருந்தார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், விடியற்காலை முகூர்த்தம். முந்தின நாள் மதியம் பெண்ணையும் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போக எங்கள் மினிபஸ்ஸைத்தான் பேசியிருந்தார்கள். காஜா பாய் முன் கண்ணாடிக்கு மாலையெல்லாம் கட்டியிருந்தார். ஐப்பசி மாதம். ஒரு வாரமாக மழை. ஆனால் ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது.

அன்று காலையில் மேலே எங்கோ அணையைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் புங்கமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் இரு கரையும் முட்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு இரைச்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பக்கம், தாழ்ந்த கரையில், பட்டுச்சேலை கட்டிய பெண்களும் வேட்டிகளும் வரிசையாக நின்றார்கள். நடுவில் குங்கும நிறத்தில் தனலட்சுமி. நாங்கள் கையை ஆட்டினோம். அவர்களும் ஆட்டினார்கள். வேறு என்ன செய்வது?

கல்யாண வீட்டில் பேட்டரியில் ஓடும் மைக் செட் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை ஆற்றங்கரைக்கே தூக்கி வந்து குழாயை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். வீரம்மாக்கா குரல் ஆற்று இரைச்சலுக்கு மேலே வந்தது.

"கண்டக்டர் தம்பி! போன் போட்டு ஆளக் கூப்புடுங்கப்பு! கயிறு, படகு, என்னமாச்சும் கொண்டாரச் சொல்லுங்க!"

டீக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் ஒன்று இருந்தது. அதன் முன்னால் நான் நின்ற நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்து ஆபீஸில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஆளுங்க இப்ப நிக்கிறது எந்த மாவட்டத்துல?" என்றார். தண்ணீருக்கு நடுவில் நிற்கிறார்கள் என்றேன். "அது தெரியுது சார். கல்லுக்குத் தெக்கயா வடக்கயா?" என்றார். தாழ்ந்த கரை கல்லுக்கு வடக்கே இருந்தது. அதைச் சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கத்து எண்ணைக் கொடுத்தார். அங்கே கூப்பிட்டால், "பொண்ணு வீடு தெக்கதான இருக்கு? ஓட்டு அங்கதான போடுறாங்க?" என்று கேட்டார்கள். சில்லறை தீர்ந்தது. டிக்கெட் பையிலிருந்து எடுத்துப் போட்டேன். அதுவும் தீர்ந்தது. "விடு தம்பி, மிசினே நம்மளப் பாத்துச் சிரிக்குது" என்றார் காஜா பாய்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் தகவல் சொல்லியிருந்தோம். மதியத்துக்கு மேல் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்னங்க ஊரு? பொண்ணு பாக்க வந்தப்ப ஆத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்களே!"

மழை விட்டால் வடிந்துவிடும் என்று காஜா பாய் சமாதானம் சொன்னார். அந்த அம்மாள் கேட்கிற நிலையில் இல்லை. "பந்தலப் போட்டு ஊரையே கூப்புட்டாச்சுங்க. பொழுதெறங்கறதுக்குள்ள பொண்ணு இந்தக் கரைக்கு வந்தாச் சரி. இல்லீன்னா எங்கண்ணன் மக இருக்கறா. நாளைக்கு அந்த மணவறை சும்மா இருக்காதுங்க." சத்தமாகத்தான் சொன்னார். சுப்பிரமணி தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

இந்தச் செய்தி அக்கரைக்கு எப்படிப் போயிற்று என்றால், டீக்கடைக்காரர் கையைக் குவித்துக் கத்தியதில்தான் போயிற்று. அவருக்குத் தொண்டை பெரிது, நாசூக்கு குறைவு. அண்ணன் மகள் விஷயத்தையும் விடாமல் கத்திவிட்டார். அக்கரையில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். மைக் செட்டில் கொர்ரென்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ராசு வந்தான். கீழே மணல் அள்ளும் இடத்தில் சூப்பர்வைசர். வீரம்மாக்காவிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன். பைக்கை நிறுத்திவிட்டு ஆற்றை நிதானமாகப் பார்த்தான்.

"தண்ணி கொஞ்சம் எறங்கிருச்சு. எங்க பொக்லைன் தாங்கும். பக்கெட்டுல ஒக்கார வச்சுக் கொண்டாந்துரலாம்" என்றான். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அடுத்ததாக அவன் சொன்னது: "ஆனா பொக்லைன் எறங்க வழி இல்லையே. கரைய வெட்டணும். அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

வேறு இடத்தில் இறக்க முடியாதா என்று காஜா பாய் கேட்டார். கீழே பள்ளம், மேலே பாறை என்றான். அது உண்மையா, அவனுடைய வசதிக்குச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் மறுபடி கத்தினார். புரியாமல் போய்விடக் கூடாதே என்று ராசு தானே கரை விளிம்புக்குப் போய், கையால் வெட்டுகிற மாதிரி, சரிவு இறங்குகிற மாதிரி காட்டினான்.

வீரம்மாக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கையில் மைக்கைப் பிடித்திருந்தார். மாரப்பன் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். அவரை விலக்கிவிட்டார். அப்போது குழாயில் ஒரு சின்னக் குரல் கேட்டது. மைக் திறந்திருப்பது தெரியாமல் தனலட்சுமி பேசியது.

"வேணாம்மா. எனக்காக வெட்டாத. கல்யாணம் நின்டா நின்டுட்டுப் போகுது."

"நீ சும்மா இருடி."

"நீதானம்மா சொன்ன, வழி விட்டா ஊரு போயிரும்னு."

குழாயில் ஆற்றின் இரைச்சல்தான். ராசு பைக்கில் சாய்ந்துகொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வீரம்மாக்காவின் குரல் வந்தது. வழக்கமான கணீர்க் குரல் இல்லை.

"வெட்டு."

எத்தனையோ வருடம் ஊரே சண்டை போட்டுக் காத்த கரை. பொக்லைன் வந்து வெட்ட ஆரம்பித்து, அடுத்த டீ ஆறுவதற்குள் லாரி அகலத்துக்குச் சரிவு இறங்கிவிட்டது. பொக்லைன் தண்ணீருக்குள் இறங்கி ஆடி ஆடிப் போயிற்று. திரும்பி வரும்போது அதன் இரும்புக் கையில் அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடு ஆற்றில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் கத்தினோம். அதுவரை மரம் மாதிரி நின்ற சுப்பிரமணி இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு பாய்ச்சலுக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

கல்யாணம் மறுநாள் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மாவே பெண்ணின் தலையைத் துவட்டி மாற்றுச்சேலை கொடுத்தார். பந்தியில் மூன்று வகை வெஞ்சனம். நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். வீரம்மாக்கா இலையின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தண்ணீர் வடிந்து மணல் காய்ந்ததும் அந்தச் சரிவில் முதல் லாரி இறங்கியது. வீரம்மாக்கா ஓடி வந்து குறுக்கே நின்றார். நான் அப்போது புங்கமரத்தடியில்தான் இருந்தேன். ராசு கோபப்படவே இல்லை. "ஏங்க்கா, இது ஒங்க மக கல்யாணத்துக்கு வெட்டுன வழிதான? நீங்க மைக்குல சொல்லித்தான வெட்டுனோம்? ரெண்டு கரையும் கேட்டுச்சே" என்றான். முன்பெல்லாம் அவர் பின்னால் ஊரே நிற்கும். அன்று நாலைந்து பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள், "எங்க கூடைக்கு வழி விடாதவ, மகளுக்கு மட்டும் விட்டா" என்று வாசலில் நின்று பேசினார்கள். இரண்டு பக்கத்து ஆபீஸுக்கும் நடந்தார் அந்த அம்மா. மணல் அள்ளுகிற இடம் கல்லுக்குத் தெற்கா வடக்கா என்று கேட்டார்கள். கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் நடந்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் நடக்காத ஊர் ஏது? ஆறு பிரிந்த கிழக்கு ஓடையில் களிமண் தெரிகிற வரைக்கும் அள்ளினார்கள். ஊற்று போயிற்று, வெள்ளரி போயிற்று. சம்பங்கி இரண்டு கோடை தாங்கியது. ஆறு பள்ளம் கண்ட பக்கமாகவே ஓடப் பழகியதால் மேற்கு ஓடை மேடாகிக் கருவேலங்காடாயிற்று. தோண்டத் தோண்ட எல்லைக்கல்லும் ஒரு நாள் சரிந்து எங்கோ போயிற்று. அதற்காக மட்டும் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே நாளில் ஓடி வந்தார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் திருப்பூருக்கும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஏற ஆள் இல்லாமல் எங்கள் மினிபஸ்ஸும் நின்றது. காஜா பாய் வீட்டோடு இருந்துவிட்டார். நான் திண்டுக்கல்லுக்குத் திரும்பி ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். அம்மா கொஞ்சம் நிமிர்ந்து கோவிலுக்குப் போனாள்.

தனலட்சுமியை ஒருமுறை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பார்த்தேன். இப்போது மண்டியை அவள்தான் நடத்துகிறாள், அம்மாவின் குரல் அப்படியே வந்திருக்கிறது. சுப்பிரமணி தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சிரித்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நூற்பாலையில் வேலை பார்க்கும் மகனோடு மில் குடியிருப்பில் இருக்கிறாராம், அதிகம் பேசுவதில்லையாம். அந்தப் பக்கப் பேச்சு ஒட்டிக்கொண்ட தமிழில் தனலட்சுமி சொன்னாள்: "எல்லாரும் பொண்ணுக்கு நகை போடுவாங்க, பாத்திரம் குடுப்பாங்க. எங்கம்மா ஊரையே சீராக் குடுத்துப்போட்டாங்கண்ணா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." சொல்லிவிட்டு யாரோ விலை கேட்டதற்குப் பதில் சொல்லத் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளரிப்பழம் தின்ற மறுநாள் மனசு கேட்காமல் கிளம்பிப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது. ஆமாம், கட்டிவிட்டார்கள். இரண்டு மாவட்டமும் சேர்ந்து, அகலமாக, விளக்கெல்லாம் வைத்து. துருத்திப்பட்டிக்காரர்களுக்காக இல்லை, அக்கரையில் வந்திருக்கும் பெரிய சாலைக்குக் குறுக்குவழி வேண்டுமாம். குஜிலியம்பாறையில் பேருந்து ஏறி, "துருத்திப்பட்டி ஒன்னு" என்று கேட்டேன். கண்டக்டர் சின்னப் பையன். கையிலிருந்த மெஷினில் மேலும் கீழும் தேடினான்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லண்ணே."

"திட்டுன்னு இருக்கா பாரு."

அவன் சிரிக்கவில்லை. "அதுவும் இல்லண்ணே. அடுத்த ஸ்டாப்புக்குப் போட்டுத் தரவா?"

போடச் சொன்னேன். புங்கமரம் இல்லை, டீக்கடை இல்லை. பேருந்து பாலத்தில் ஏறியது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கீழே கருவேலம் முளைத்த குழிகள், அதற்கு அப்பால் இன்னும் குழிகள். பக்கத்தில் இருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீரம்மாக்கா வீடு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று நான் கணக்குப் பண்ணி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. அக்கரை என்று சொல்வதும் பழக்கத்தில் வருவதுதான். இடையில் ஆறு இருந்தால்தானே அதற்குப் பெயர் அக்கரை.